ஒரே படம், பல விலை

கிள்ளானில் ஒரு வீடு. சனிக்கிழமை மாலை. வரவேற்பறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பவர் யாரும் இல்லை. அப்பா கடன்பற்று அட்டையின் மாதக் கணக்கறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்ன, மாதா மாதம் 45 ரிங்கிட்? இதோ இன்னொன்று, 25. கீழே பார், 15!"

மூன்றும் இணையவழிக் காணொளிச் சேவைகளுக்குச் செலுத்திய சந்தா. படிவம் நான்கில் பயிலும் மகள் உடனே மனத்துக்குள் கூட்டிப் பார்த்தாள். மாதத்திற்கு 85 ரிங்கிட். ஆண்டுக்கு 1,020 ரிங்கிட். அவற்றுள் 15 ரிங்கிட் சேவையை நான்கு மாதங்களாக வீட்டில் யாருமே திறந்து பார்க்கவில்லை என்பது விசாரித்த பிறகு தெரியவந்தது. தம்பி ஒரு கொரியத் தொடருக்காக, அப்பாவின் அட்டை எண்ணைக் கேட்டு வாங்கி, இலவச முன்னோட்டக் காலத்தில் சேர்ந்திருந்தான். தொடர் முடிந்துவிட்டது. சந்தா முடியவில்லை.

இத்தகைய கணக்கறிக்கை இன்று பல வீடுகளில் உண்டு. பதினைந்தும் இருபத்தைந்தும் தனித்தனியே பார்க்கும்போது சிறு தொகைகள்தாம். ஒரு வேளை உணவுக்கு ஆகும் செலவு என்று எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆனால், அந்தத் தொகை ஏன் 15 ஆக இருக்கிறது, ஏன் 14 ஆகவோ 30 ஆகவோ இல்லை என்று கேட்டால், அதற்குப் பின்னால் கவனமாகப் போட்ட கணக்கு ஒன்று இருப்பது தெரியும்.

அந்த வீட்டுப் பாட்டிக்கு வேறொரு காலம் நினைவிருக்கிறது. அன்று தமிழ்ப்படம் பார்க்க வேண்டுமானால் பட்டணத்து வீடியோ கடைக்குப் போக வேண்டும். நாடாவை வாடகைக்கு எடுத்து வந்து, அண்டை வீட்டாரையும் கூட்டி வைத்துப் பார்த்துவிட்டு, குறித்த நாளில் திருப்பித் தர வேண்டும். நாள் தவறினால் தாமதக் கட்டணம். அந்த முறையில் ஒரு நேர்மை இருந்தது: எடுத்த படத்திற்கு மட்டும் காசு. எடுக்காத வாரத்தில் செலவே இல்லை.

கடைக்காரர்களுக்குத் தாமதக் கட்டணம் நல்ல வருமானம். வாடிக்கையாளர்களுக்கோ அது எரிச்சல். அந்த எரிச்சலைத்தான் அமெரிக்காவில் ஒரு சிறிய நிறுவனம் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. 1997ஆம் ஆண்டு ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ரேண்டால்ப் ஆகிய இருவரும் தொடங்கிய நெட்பிளிக்ஸ், முதலில் படத்தட்டுகளை அஞ்சலில் அனுப்பி வாடகைக்கு விட்டது. 1999இல் அது மாதச் சந்தா முறைக்கு மாறியது. தட்டை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தாமதக் கட்டணம் கிடையாது. ஆனால், மாதந்தோறும் ஒரு தொகை கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான கடைகளை நடத்திவந்த பிளாக்பஸ்டர் நிறுவனம் 2005இல்தான் தாமதக் கட்டணத்தைக் கைவிட முன்வந்தது. 2010இல் அது திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றது.

இந்த மாற்றத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தாமதக் கட்டணம் ஒழிந்தது வாடிக்கையாளருக்கு வெற்றிதான். ஆனால், அதே வேளையில் இன்னொன்றும் நடந்தது. படத்திற்குக் காசு என்ற வழக்கம் போய், காலத்திற்குக் காசு என்ற வழக்கம் வந்தது. பார்த்தாலும் காசு, பார்க்காவிட்டாலும் காசு. 2007இல் நெட்பிளிக்ஸ் இணையத்தின் வழியே படங்களை நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கியபோது இந்த வழக்கம் அப்படியே தொடர்ந்தது. இன்று ஏறக்குறைய எல்லாச் சேவைகளும் அதையே பின்பற்றுகின்றன.

சரி, மாதத் தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள்? சாலையோரத்தில் நாசி லெமாக் விற்பவரை எடுத்துக்கொள்வோம். பத்துப் பொட்டலம் கூடுதலாக விற்க வேண்டுமானால், அந்தப் பத்துக்கும் உரிய அரிசி, தேங்காய்ப்பால், நெத்திலி, முட்டை ஆகியவற்றை அவர் வாங்கியாக வேண்டும். பொருளின் அடக்கவிலை அவருக்குத் தெரியும். அதன்மேல் சிறிது இலாபம் வைத்து விலை சொல்வார். காணொளிச் சேவையின் நிலை வேறு. ஒரு தொடரைத் தயாரிக்க 10 மில்லியன் ரிங்கிட் ஆனதாக வைத்துக்கொள்வோம். அதை ஓர் இலட்சம் பேர் பார்த்தால் தலைக்கு 100 ரிங்கிட் விழும். பத்து இலட்சம் பேர் பார்த்தால் 10 ரிங்கிட் போதும். செலவின் பெரும்பகுதி தொடரை எடுக்கும்போதே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஆகும் கூடுதல் செலவு மிகமிகக் குறைவு.

ஆகவே, "இந்தப் படத்தை ஒருவருக்குக் காட்ட எவ்வளவு ஆகும்?" என்ற கேள்வி விலையை நிர்ணயிப்பதில்லை. "இவர் எவ்வளவு தருவார்?" என்ற கேள்விதான் நிர்ணயிக்கிறது. ஐந்து ரிங்கிட் மட்டுமே தரக்கூடியவரிடம் ஐந்தை வாங்கிக்கொள்வதும் இலாபமே. ஆனால், ஐம்பது தரத் தயாராக இருப்பவரும் ஐந்தையே கட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. இந்த இருவரையும் பிரித்து வைப்பதற்குப் பொருளியலில் விலை வேறுபடுத்தல் என்று பெயர்.

மலேசியாவில் இது நடந்த விதத்தைப் பார்க்கலாம். நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் ஒரே நாளில் 130 நாடுகளில் புதிதாகக் கால்வைத்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தியாவும் அவற்றுள் அடங்கும். அப்போது இங்கே அடிப்படைத் திட்டம் 33 ரிங்கிட், சிங்கப்பூரில் 10.98 வெள்ளி. அன்றைய நாணய மாற்றுப்படி இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை. அதாவது, இரு நாட்டு மக்களின் வருமான வேறுபாட்டை அந்த விலை பொருட்படுத்தவில்லை. வசதியுள்ளவர்கள் சேர்ந்தார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அணுகுமுறை மாறியது. 2019 ஜூலையில் இந்தியாவில் 199 ரூபாய்க்குக் கைப்பேசித் திட்டம் ஒன்று அறிமுகமானது. அதே ஆண்டு அக்டோபரில் அது மலேசியாவிற்கும் வந்தது. விலை 17 ரிங்கிட். படங்களும் தொடர்களும் அதே படங்கள், அதே தொடர்கள்தாம். ஆனால், ஒரே ஒரு கைப்பேசியிலோ கைக்கணினியிலோதான் பார்க்க முடியும். தொலைக்காட்சித் திரையில் பார்க்க முடியாது. படத்தின் தெளிவும் குறைவு.

தெளிவைக் குறைத்தது செலவை மிச்சப்படுத்த மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. குடும்பத்தோடு பெரிய திரையில் பார்க்க விரும்புபவருக்கு அந்த 17 ரிங்கிட் திட்டம் பயன்படக் கூடாது, அதுவே நோக்கம். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், பேருந்தில் வேலைக்குப் போய்வரும் இளைஞர் ஆகியோருக்கு அந்தக் குறை ஒரு குறையே அன்று. அப்பா அதை ஏற்கமாட்டார்; அவர் கூடுதலாகக் கட்டுவார். வாடிக்கையாளரே தம் தேவையால் தம்மைப் பிரித்துக் காட்டிக்கொள்கிறார்.

நாட்டுக்கு நாடு இந்தக் கணக்கு எவ்வளவு மாறுபடுகிறது என்பதற்கு அடுத்தடுத்த இரு மாதங்கள் சான்று. 2021 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் இந்தியாவில் கைப்பேசித் திட்டத்தை 199 ரூபாயிலிருந்து 149 ரூபாயாகக் குறைத்தது. மறுமாதமே அமெரிக்காவில் நடுத்தரத் திட்டத்தை 13.99 டாலரிலிருந்து 15.49 டாலராக உயர்த்தியது. நிறுவனம் ஒன்று, படங்கள் பெரும்பாலும் ஒன்று. ஓரிடத்தில் கூட்டத்தைச் சேர்க்க வேண்டிய நிலை. இன்னோரிடத்தில் சேர்ந்த கூட்டத்திடமிருந்து கூடுதலாகப் பெற வேண்டிய நிலை.

குறைந்த விலை வைத்தால் வெற்றி உறுதி என்று தோன்றலாம். நம் வட்டாரத்திலேயே அதற்கு எதிரான இரண்டு கதைகள் உள்ளன. 2015இல் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஐபிளிக்ஸ் என்ற சேவை தொடங்கப்பட்டது. மலேசியாவில் அதன் மாதக் கட்டணம் வெறும் 8 ரிங்கிட். திருட்டுத்தனமாகப் பதிவு செய்யப்பட்ட குறுவட்டுகள் சந்தையில் மலிந்திருந்த நாடுகளில், அவற்றோடு போட்டியிடக்கூடிய விலையில் முறையான சேவையைத் தர வேண்டும் என்பதே அதன் எண்ணம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அது வேகமாகப் பரவியது. அதே ஆண்டில் சிங்டெல் நிறுவனம், சோனி, வார்னர் ஆகிய திரைப்பட நிறுவனங்களோடு சேர்ந்து ஹூக் என்ற சேவையைத் தொடங்கியது. தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்தே சந்தாவையும் கட்டலாம் என்பது, கடன்பற்று அட்டை இல்லாதவர்களுக்கு வசதியாக இருந்தது.

இரண்டும் நிலைக்கவில்லை. ஹூக் 2020 மார்ச்சில் கடையைக் கட்டுவதற்கு விண்ணப்பித்து, ஏப்ரல் 30ஆம் நாளோடு சேவையை நிறுத்தியது. ஐபிளிக்ஸ் அதே ஆண்டு ஜூனில் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. உலகமே நோய்த்தொற்றுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடந்து, எந்நேரமும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை! பார்வையாளர் பஞ்சம் என்று சொல்ல வழியில்லை. படங்களை வாங்கும் செலவு ஏறிக்கொண்டே போனது. இந்நாடுகளில் மக்கள் சந்தா கட்டும் பழக்கத்திற்கு மெல்லவே வந்தார்கள். நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் எதிரே நின்றன. எட்டு ரிங்கிட் என்பது வாடிக்கையாளருக்கு இனித்தது. ஆனால், அந்த எட்டு ரிங்கிட்டில் ஒரு நல்ல தொடரை எடுக்க மிகப் பெரிய கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் சேர்வதற்குள் கையிருப்புக் கரைந்துவிட்டது.

காசே வாங்காமல் நடத்தும் முறை இதைவிடப் பழையது. நம் பாட்டி பார்த்த வானொலி தொலைக்காட்சி நிலைய நிகழ்ச்சிகளுக்கு இடையிலும் சவர்க்கார விளம்பரம் வந்துகொண்டுதான் இருந்தது. விளம்பரம் தருபவர் நிலையத்திற்குப் பணம் தருகிறார். பார்ப்பவர் தம் நேரத்தைத் தருகிறார். இணையத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. கொரியத் தொடர்களால் புகழ்பெற்ற வியூ, விளம்பரத்தோடு இலவசமாகவும், சந்தா கட்டினால் விளம்பரமின்றியும் கிடைக்கிறது. சிங்கப்பூரின் மீடியாகார்ப் நடத்தும் மீவாட்ச் தளத்தில் வசந்தம் ஒளிவழியின் தமிழ்த் தொடர்களை இலவசமாகப் பார்க்கலாம். அங்கும் விளம்பரம் உண்டு.

யூடியூப் இதில் ஒரு புதுமையைப் புகுத்தியது. 2010 இறுதியில், ஐந்து நொடிகளுக்குப் பிறகு விளம்பரத்தைத் தாண்டிச் செல்லும் பொத்தான் வந்தது. பார்ப்பவருக்குக் காட்டிய கருணையாக அது தோன்றும். உண்மையில் அது விளம்பரதாரருக்கும் ஆதாயம். தாண்டிச் சென்றவருக்காக அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. முப்பது நொடிகள் வரை, அல்லது விளம்பரம் அதைவிடச் சிறியது என்றால் முழுவதும், பார்த்தவருக்கே கட்டணம். பொருளில் விருப்பமில்லாதவர்கள் தாங்களாகவே விலகிக்கொள்கிறார்கள். இதனால் விளம்பரங்களின் அமைப்பே மாறியது. முன்பு கதையைச் சொல்லி இறுதியில் பொருளின் பெயரைக் காட்டினார்கள். இப்போது முதல் ஐந்து நொடிக்குள்ளேயே பெயரைக் காட்டிவிடத் துடிக்கிறார்கள். பணம் கட்டாமலே பெயர் மனத்தில் பதிந்துவிடுகிறதே!

இணைய விளம்பரத்திற்கும் பழைய தொலைக்காட்சி விளம்பரத்திற்கும் இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு. தொலைக்காட்சியில் ஓர் ஊரே ஒரே விளம்பரத்தைப் பார்த்தது. இணையத்தில் அண்ணன் ஓடுகாலணி விளம்பரத்தையும், அதே நேரத்தில் அதே காணொளியைப் பார்க்கும் அம்மா சமையல் எண்ணெய் விளம்பரத்தையும் பார்க்கக்கூடும். எந்த ஊர், என்ன வயது, இதற்கு முன் எதைத் தேடினார், எந்தக் காணொளியைப் பாதியில் விட்டார் என்பன போன்ற தகவல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. பொருத்தமானவரிடம் போய்ச் சேரும் விளம்பரத்திற்கு விளம்பரதாரர் கூடுதல் விலை தருவார். எனவே, "இலவசம்" என்ற சொல்லுக்குள் நேரமும் தகவலும் அடங்கியிருக்கின்றன. சந்தா கட்டும் சேவைகளும் இத்தகைய தகவலைப் பயன்படுத்தாமல் இல்லை. ஒரே படத்திற்கு வெவ்வேறு பார்வையாளருக்கு வெவ்வேறு முகப்புப் படத்தைக் காட்டும் முறையை நெட்பிளிக்ஸ் 2017இல் வெளிப்படையாகவே விளக்கியது. காதல் படங்களை விரும்புபவருக்கு இணையரின் படம். நகைச்சுவை விரும்புபவருக்கு அதே படத்தில் வரும் நகைச்சுவை நடிகரின் முகம்.

விளம்பரமே வேண்டாம் என்று பல்லாண்டுகள் பெருமையோடு சொல்லிவந்த நெட்பிளிக்ஸ், 2022இல் மனம் மாறியது. அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அது 2 இலட்சம் சந்தாதாரர்களை இழந்தது. அடுத்த மூன்று மாதங்களில் இழப்பு ஏறக்குறைய 10 இலட்சம். நவம்பரில் அமெரிக்கா உட்பட 12 நாடுகளில் விளம்பரத்துடன் கூடிய மலிவுத் திட்டம் வந்தது. அமெரிக்காவில் அதன் விலை 6.99 டாலர். ஒரு மணி நேரத்திற்கு நான்கு முதல் ஐந்து நிமிடம் விளம்பரம் வரும் என்று நிறுவனம் அறிவித்தது.

இங்கேதான் கணக்கு சுவையாகிறது. மலிவுத் திட்டத்தில் சேர்பவரால் நிறுவனத்திற்குக் குறைந்த வருமானமே கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால், சந்தாவையும் விளம்பர வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தால், அமெரிக்காவில் ஒரு விளம்பரத் திட்டச் சந்தாதாரர் தருவது, இருமடங்குக்கும் மேல் கட்டணமுள்ள நடுத்தரத் திட்டச் சந்தாதாரர் தருவதைவிட அதிகம் என்று 2023இன் தொடக்கத்தில் நிறுவனமே பங்குதாரர்களிடம் தெரிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் அங்கே 9.99 டாலருக்கு இருந்த விளம்பரமற்ற அடிப்படைத் திட்டம் புதிய வாடிக்கையாளர்களுக்கு நிறுத்தப்பட்டது. அத்துடன் ஏணியின் நடுப்படி போய்விட்டது. ஒன்று, அன்றைய விலையில் 6.99 டாலர் கட்டி விளம்பரம் பார்க்க வேண்டியிருந்தது. அல்லது, ஒரேயடியாக 15.49 டாலருக்குத் தாவ வேண்டியிருந்தது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் நிறுவனத்திற்கு நல்லதே.

மற்றவர்களும் இதே வழியில் வந்தார்கள். டிஸ்னி பிளஸ் 2019இல் அமெரிக்காவில் 6.99 டாலருக்கு விளம்பரமின்றித் தொடங்கியது. 2022 டிசம்பரில் விளம்பரத்துடன் கூடிய திட்டத்தின் விலையே 7.99 டாலர், விளம்பரம் வேண்டாம் என்றால் 10.99. அமேசான் பிரைம் வீடியோ இன்னும் துணிச்சலாக நடந்துகொண்டது. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் ஏற்கெனவே சந்தா கட்டிவந்த அனைவருக்கும் விளம்பரத்தைச் சேர்த்துவிட்டு, அது வேண்டாதவர்கள் மாதம் 2.99 டாலர் கூடுதலாகக் கட்டலாம் என்றது. விலை உயர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால், நேற்றுக் கிடைத்த அதே பொருளை இன்று வாங்க வேண்டுமானால் கூடுதலாகக் கட்டியாக வேண்டும். இதை விலையேற்றம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கடவுச்சொல் விவகாரமும் இத்தகையதே. 2017இல் நெட்பிளிக்ஸ் தன் சமூக ஊடகப் பக்கத்தில், கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வதே அன்பு என்னும் பொருளில் வேடிக்கையாக எழுதியது. புதியவர்களுக்குச் சேவையின் சுவையைக் காட்ட, பகிர்தலும் ஒரு விளம்பரமாகவே பயன்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 100 மில்லியனுக்கும் மேற்பட்ட வீடுகள் பிறருடைய கணக்கில் பார்ப்பதாக அதே நிறுவனம் கவலை தெரிவித்தது. 2023 மே மாதத்தில் மலேசியா, சிங்கப்பூர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கணக்கு ஒரு வீட்டிற்கே என்ற விதி கடுமையானது. வேறு வீட்டில் இருப்பவரைச் சேர்க்க அமெரிக்காவில் மாதம் 7.99 டாலர் கூடுதல் கட்டணம். பலர் கோபத்தில் விலகிவிடுவார்கள் என்று பேசப்பட்டது. நடந்தது வேறு. அவ்வாண்டின் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் 13 மில்லியனுக்கும் மேற்பட்டோர் புதிதாகச் சேர்ந்தார்கள். இலவசமாகப் பார்த்துப் பழகியவர்களால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சேர்ப்பதைவிடத் தக்கவைப்பது கடினம். மாதச் சந்தாவில் ஒருவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் அல்லவா? அதனால்தான் தொடர்களை வெளியிடும் முறையிலும் ஒரு கணக்கு உண்டு. 2013இல் நெட்பிளிக்ஸ் தன் அரசியல் தொடர் ஒன்றின் 13 பாகங்களையும் ஒரே நாளில் வெளியிட்டு வியக்க வைத்தது. பார்வையாளர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால், வார இறுதிக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விலகிப் போவதும் எளிது. 2022இல் ஸ்டிரேஞ்சர் திங்ஸ் தொடரின் நான்காம் பருவம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதற்பகுதி மே 27, இரண்டாம் பகுதி ஜூலை 1. மே 27 அன்று சேர்ந்து ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டியவர், முடிவைப் பார்க்க இன்னொரு மாதமும் கட்ட வேண்டியதாயிற்று.

தானாகப் புதுப்பிக்கும் முறை எல்லாவற்றையும்விட வலிமையானது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. சேரும்போதே விதிமுறைகளில் எழுதித்தான் இருக்கிறது. ஆயினும், இலவச முன்னோட்டத்தில் சேரும் நாளிலேயே ஏன் அட்டை எண்ணைக் கேட்கிறார்கள்? மறதியையும் ஒரு வருமான வழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் விடை. பழைய வீடியோ கடையில் நாடாவைத் திருப்பித் தர மறந்தவர் தாமதக் கட்டணம் கட்டினார். இன்று சந்தாவை நிறுத்த மறந்தவர் அடுத்த மாதக் கட்டணம் கட்டுகிறார். தாமதக் கட்டணம் ஒழிந்துவிட்டது என்று மகிழ்ந்தோமே, அது வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது!

கட்டணத்தோடு வரியும் சேர்கிறது. வெளிநாட்டுச் சேவைகளும் உள்நாட்டுச் சேவைகளைப் போலவே வரி கட்ட வேண்டும் என்ற நோக்கில், மலேசியா 2020 ஜனவரி முதல் வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 6 விழுக்காடு சேவை வரி விதித்தது. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடாயிற்று. சிங்கப்பூரும் 2020 தொடக்கத்திலிருந்தே இத்தகைய சேவைகளுக்குப் பொருள், சேவை வரியை விதித்து வருகிறது.

மீண்டும் கிள்ளான் வீட்டிற்கு வருவோம். அன்றிரவு உணவுக்குப் பிறகு மகள் ஒரு தாளில் நான்கு பெயர்களை எழுதினாள். அப்பாவுக்குப் பந்து விளையாட்டுகள் வேண்டும். அதுவும் பெரிய திரையில், இடையில் தடங்கல் இல்லாமல். அம்மாவுக்கு வாரத்தில் ஒரு தமிழ்ப்படம் போதும். தம்பி எதையும் கைப்பேசியில்தான் பார்க்கிறான். பாட்டி பார்க்கும் தொடர்கள் விளம்பரத்தோடு இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே வீட்டில் நால்வருக்கும் நான்கு வகைத் தேவை. நிறுவனங்கள் இந்த நால்வரையும் எப்போதோ பிரித்து அறிந்துவிட்டன. வீட்டார்தான் அன்று முதன்முறையாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

"விளம்பரம் வந்தால் உங்களுக்கு எரிச்சலாக இல்லையா, பாட்டி?" என்று மகள் கேட்டாள்.

"எரிச்சல் என்ன? அந்த நேரத்தில் அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்," என்றார் பாட்டி.

15 ரிங்கிட் சேவையை நிறுத்துவது என்று முடிவாயிற்று. தம்பி செயலியைத் திறந்தான். நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தேடுவதற்கே சில நிமிடங்கள் ஆயின. அதை அழுத்தியதும், "போகிறீர்களா? அடுத்த மூன்று மாதங்களுக்குப் பாதி விலை!" என்று திரையில் ஓர் அறிவிப்பு. ஏழு ரிங்கிட் ஐம்பது காசு. தம்பியின் விரல் நின்றது. அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா மகளைப் பார்த்தார்.

"பாதி விலைக்கே தர முடியும் என்றால், நான்கு மாதமாக நம்மிடம் ஏன் முழு விலை வாங்கினார்கள்?" என்றாள் அவள்.

தம்பி மறுபடியும் பொத்தானை அழுத்தினான். அம்மா எழுந்து போய், சமையலறையில் மாட்டியிருந்த நாட்காட்டியில் மற்ற இரண்டு சந்தாக்களும் புதுப்பிக்கப்படும் நாள்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தார்.